அராஷியின் ஜப்பான் டிவிடி ஓடவில்லை: பதில்

வணக்கம். ஜப்பானியப் பாடகர் குழுவான அராஷியின் சிடி, டிவிடி இரண்டும் உள்ள லிமிடெட் பதிப்பில் சிடி பாடுகிறது, டிவிடி போட்டால் சென்னையில் வாங்கிய பிளேயர் ‘ரீஜன் எரர்’ காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். வட்டில் கோளாறு இல்லை, தயவுசெய்து தேய்த்துத் துடைக்காதீர்கள். டிவிடிகளுக்கு ‘ரீஜன்’ என்று உலகப் பகுதிவாரியாக ஒரு பூட்டு எண் உண்டு: ஜப்பான் டிவிடி ரீஜன் 2, நம்மூர் பிளேயர் ரீஜன் 5, அதனால் பொருந்தவில்லை. சிடிக்கு இந்தப் பூட்டே கிடையாது.

டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப்பில் விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருள் வழியாகப் போடுங்கள், பெரும்பாலும் ஓடிவிடும். டிரைவ் ரீஜனை மாற்றவா என்று கேட்டால் அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீர்கள். 5 முறைதான் மாற்றலாம், அப்புறம் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். எல்லா ரீஜனும் ஓடும் ரீஜன்-ஃப்ரீ பிளேயரில் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டால் அது என்டிஎஸ்சி (ஜப்பானின் டிவி சிக்னல் முறை; நம்மூர் முறை ‘பால்’) சிக்கல்: பிளேயர் செட்டிங்கில் ‘டிவி சிஸ்டம்’ ‘ஆட்டோ’ என்றிருப்பதை ‘பால்’ ஆக்குங்கள்.