வக்கீலாகி ஐநா வரைக்கும் போகணுமா? கேளுங்க, சொல்றேன்

நான் மதுரை ஹைகோர்ட் கிளையில பிராக்டிஸ் பண்ணிட்டு அப்புறம் ஐநாவோட மனித உரிமை ஆபீஸ் இருக்குற ஜெனிவாவுல மனித உரிமை வேலை பாத்தவ. இப்ப காரைக்குடியிலதான் இருக்கேன்.

தேவகோட்டை தம்பி: அக்கா, லா முடிக்கப் போறேன். நேரா ஐநாவுக்கு அப்ளை பண்ணலாமா?

இப்பப் போனா இன்டர்ன்ஷிப்தான் கிடைக்கும் தம்பி. ஐநா வேலைக்கு இளைஞர்களை எடுக்குற யங் புரொபஷனல்ஸ் தேர்வு 32 வயசு வரைக்கும் எழுதலாம், ஆனா வருஷா வருஷம் எல்லா நாட்டுக்கும் இடம் வராது, லிஸ்ட்டைப் பாத்துக்க. அதுக்கு முன்னாடி நம்ம கோர்ட்ல சில வருஷம் நில்லு. ஸ்டேஷன்ல அடி வாங்கினவரு வந்து "அடிச்சாங்க"ன்னு சொன்னா அது பத்தாது, யாரு, எந்த ரூம்ல, லத்தியா பெல்ட்டா, எத்தனை மணிக்கு ஜிஹெச்சுக்கு கூட்டிட்டுப் போனாங்க, ஏஆர் காப்பில, அதாவது ஆஸ்பத்திரியில காயத்தைப் பதியிற ரிஜிஸ்டர் நகல்ல, டாக்டர் என்ன எழுதியிருக்காரு, ரிமாண்ட் அப்போ மாஜிஸ்ட்ரேட் காயத்தைப் பத்தி கேட்டாரா, இதெல்லாம் பொறுமையா கேட்டு எழுதப் பழகணும். ஜெனிவாவுல வர்ற ரிப்போர்ட்டும் இப்படி எழுதின வாக்குமூலத்து மேலதான் நிக்குது. கூடவே பிரெஞ்சும் படி.

கானாடுகாத்தான் தங்கச்சி: நம்ம தமிழாளுங்க யாராச்சும் பெரிய பதவிக்கு போயிருக்காங்களா?

நவநீதம் பிள்ளை இருக்காங்களே! தென்னாப்பிரிக்கா டர்பன்ல 1941ல பொறந்த தமிழ்ப் பொண்ணு, அப்பா பஸ் டிரைவர், அங்க இருந்த இந்தியச் சனங்க காசு வசூல் பண்ணி படிக்க வச்சாங்க. நிறவெறி காலம், எந்த வக்கீல் கம்பெனியும் வேலை தரல, 1967ல தானே ஆபீஸ் தொறந்தாங்க. 1973ல ராபன் தீவு ஜெயில்ல இருந்த அரசியல் கைதிங்க வக்கீலைப் பாக்குற உரிமையை வாங்கிக் கொடுத்தாங்க. அப்புறம் ருவாண்டா இனப்படுகொலையை விசாரிச்ச ஐநா கோர்ட்ல ஜட்ஜ். அகாயேசுன்னு ஒரு மேயர் கேஸ், முதல்ல குத்தப்பத்திரிகையில பாலியல் வன்முறையே கிடையாது. சாட்சி சொல்ல வந்த பொண்ணுங்க அதைச் சொன்னாங்க, அவங்க சொன்னதை பெஞ்சு விடாம கேட்டுச்சு, 1997ல குத்தப்பத்திரிகையைத் திருத்தினாங்க, 1998ல தீர்ப்பு. பலாத்காரமும் இனப்படுகொலைச் செயலா இருக்கலாம்னு ஒரு சர்வதேச கோர்ட் முதல் தடவையா சொன்னது அதுலதான். அந்த பெஞ்சுல இருந்த ஒரே பெண் ஜட்ஜ் இவங்கதான். எனக்கு இந்தத் துறை மேல ஆசை வந்ததே அந்தத் தீர்ப்பைப் படிச்சுத்தான்.

புதுவயல் ஆச்சி: அந்தம்மா இலங்கைக்கு வந்தாகளே, காணாமப் போனவுக திரும்பலையே தாயி, என்ன பிரயோசனம்?

நியாயமான கேள்வி ஆச்சி. 2013 ஆகஸ்ட்ல வந்தப்போ அவங்க ஜட்ஜ் இல்ல, ஐநா மனித உரிமை ஆணையர். ஆணையரால யாரையும் அரெஸ்ட் பண்ண முடியாது, சம்மன் அனுப்ப முடியாது. நேர்ல போய் பாக்கலாம், சனங்க சொல்றதைக் கேக்கலாம், அதை நாடுகள் முன்னாடி வைக்கலாம். 2014 மார்ச்ல ஐநா மனித உரிமைக் கவுன்சில் இலங்கையில நடந்ததை விசாரிக்கச் சொல்லி தீர்மானம் போட்டுச்சு, 2015ல ரிப்போர்ட் வந்துச்சு. புள்ளையத் தொலைச்ச தாய்க்கு அது பத்தாது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனா அவங்க சொன்னது எழுத்துல இருக்கு ஆச்சி, நடக்கவே இல்லைன்னு இனி யாரும் சுலபமா சொல்லிட முடியாது.

பள்ளத்தூர் தம்பி: ஐஎஃப்எஸ், அதான் இந்திய வெளியுறவுப் பணி, எழுதினாலும் இதே வேலைதானா?

இல்ல. அங்க நீ அரசாங்கத்தோட குரல். சித்திரவதைக்கு எதிரான ஐநா ஒப்பந்தத்துல இந்தியா 1997ல கையெழுத்து போட்டுச்சு, ஆனா அதுக்கு கட்டுப்படுறோம்னு இன்னும் உறுதிப்படுத்தல. ஏன்னு மத்த நாட்டுக்காரங்க கேட்டா நீதான் பதில் சொல்லணும். உன்னால முடியுமான்னு யோசிச்சுட்டு யுபிஎஸ்சி எழுது.

கோட்டையூர் அண்ணன்: பாப்பாவை வெளிநாட்டுல எல்எல்எம், அதான் சட்ட மேற்படிப்பு, படிக்க வைக்க அவ்வளவு வசதி இல்லம்மா.

பிரிட்டன் அரசாங்கத்தோட செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு போடச் சொல்லுங்கண்ணே, ஃபீஸும் தங்குற செலவும் தர்றாங்க, ஆனா ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேப்பாங்க. அதுவரைக்கும் நல்ல சீனியர்கிட்ட ஜூனியரா சேத்து விடுங்க, மதுரையில நான் விசாரிச்சு சொல்றேன்.