தோழிகளை வேறு வேறு வார்டில் போட்டால் நர்ஸுகள் தங்குவார்களா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே 60 படுக்கை தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டாக இருக்கிறேன். ஒரே வார்டில் நெருங்கிய தோழிகள் 4 பேர். ஒருவர் திருவனந்தபுரத்துக்கு வேலை மாறிப் போய்விட்டார். அவர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள் என்று மற்ற மூவரையும் பிரித்துப் போடச் சொல்கிறது நிர்வாகம். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தோழி போய்விட்டார் என்பதற்காக மட்டும் மற்றவர்களும் வேலையை விட்டுவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. க்ராக்ஹார்ட், போர்ட்டர் என்ற இருவர் அமெரிக்கத் துரித உணவகங்களில் செய்த ஆய்வு 1985-ல் வந்தது. நெருங்கிய நண்பர்கள் விலகிய பிறகும் தங்கியவர்களுக்கு வேலையிடத்தின் மேல் பிடிப்பு கூடியிருந்தது. மறு ஆண்டு அவர்களே காட்டியது: ‘வேலையிடத்தில் நம் நிலையும் அவர் நிலையும் ஒன்றுதான்’ என்று நினைப்பவர்கள் கொத்தாகக் கிளம்புகிறார்கள். உணவகம் வேறு, வார்டு வேறு. இருந்தாலும் போனவருக்கு இருந்த குறை இன்னும் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பெரும்பாலும் சம்பளம்தான். 50 முதல் 100 படுக்கை வரை உள்ள தனியார் மருத்துவமனைகளில் நர்ஸ் சம்பளம் அரசு நர்ஸ் சம்பளத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது என்று 2016-ல் மத்திய அரசின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. உங்கள் தொகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யாருடைய அசல் சான்றிதழையாவது வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்காகத் தங்குபவர் வெளிநாட்டு விசா வரும்வரை நாள் எண்ணிக்கொண்டிருப்பார்.

நட்பு உண்மையில் கெடுதல் செய்யும் இடம் மருந்து ட்ரே. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற, அளவு தவறினால் ஆபத்தான மருந்துகளைப் போடும்போது இரண்டாமவர் தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். தோழி என்றால், ‘அவ பாத்திருப்பா’ என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள். முதலாமவர் அளவைச் சொல்லக்கூடாது. இரண்டாமவரே கேஸ் ஷீட்டைப் பார்த்துக் கணக்கிட்டு, பிறகு சிரிஞ்சைப் பார்க்கட்டும். தோழியின் தவறை மூடி மறைப்பதும் நடக்கும். தவறை எழுதிக் கொடுத்தவருக்கே மெமோ கிடைக்கிற இடத்தில் இந்த மூடி மறைப்பு நிற்காது.

அடுத்தது லீவு. கிறிஸ்துமஸ், ஓணம், மண்டைக்காட்டுக் கொடை என்றால் எல்லோரும் ஒரே நாளைக் கேட்பார்கள். இன்சார்ஜ் சிஸ்டரும் அந்தத் தோழிகள் கூட்டத்தில் ஒருவர் என்றால் மற்றவர்கள் மனம் கசந்து போகும். போன வருடம் யாருக்குக் கிடைத்தது என்று நோட்டில் எழுதி, ஒரு மாதம் முன்பே ரோஸ்டரை ஒட்டிவிடுங்கள். டூட்டி மாற்றிக்கொள்வதை 24 மணி நேரத்துக்கு முன் எழுதிக் கேட்டால் அனுமதிக்கலாம், வாய்ச்சொல் வேண்டாம்.

புதிதாகச் சேர்பவரை முதல் 3 மாதம் இந்த மூவரில் ஒருவரோடு அதே ஷிஃப்டில் போடுங்கள். ரோஸ்டர் போடுமுன் யார் யாரோடு வண்டியில் வருகிறார்கள் என்றும் கேளுங்கள். அருமனைப் பக்கம் போகிறவருக்கு ஈவ்னிங் டூட்டி முடிந்து இரவில் பஸ் பிடிக்கத் துணை இல்லையென்றால், அந்த ஒன்றே ராஜினாமாவுக்குப் போதும்.