கொல்லையில் குளம், பால்கனியில் தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பினாங்கில் கட்டட பிளான் போட்டு மாநகர் மன்றத்துக்கு அனுப்புவது என் பிழைப்பு. பள்ளி விடுமுறை நெருங்கினால் நீச்சல் குளக் கேள்விகள் வரிசைகட்டி வரும். இந்த முறை வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

குளுகோரில் செமி-டி வீடு, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. பின்பக்கம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் குளம் கட்ட ஆசை. "கூரையே கிடையாது, உங்கள் நிலம்தானே, பிளான் எதற்கு?" என்கிறார் கொன்ட்ரேக்டர். அவர் சொல்வது சரியா?

இல்லை. அவர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விடுவார். நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 'கட்டடம்' என்றால் என்ன என்று ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. சுவர், வேலி, நிலத்தடித் தொட்டி, படகுத்துறை என்று போகும் அந்த வரிசையில் நீச்சல் குளமும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அதே சட்டத்தின் 70ஆவது பிரிவுப்படி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது. தீவில் இருப்பவர்கள் பினாங்கு மாநகர் மன்றத்துக்கும், பட்டர்வொர்த் பக்கம் இருப்பவர்கள் செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும், தலைநகர்வாசிகள் டிபிகேஎல் என்ற கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கும் போக வேண்டும்.

பிளானை நீங்களே வரைந்து கொடுக்க முடியாது, பதிவுபெற்ற நிபுணரின் கையெழுத்து வேண்டும். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அளவில் சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்று வைத்தால் தண்ணீரே ஏறத்தாழ 45 டன். அதற்காகத் தோண்டும் குழி பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று யாராவது கணக்குப் பார்த்தாக வேண்டும். பல தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) கழிவுநீர்க் குழாய் பின்பக்கமாகத்தான் ஓடுகிறது. முதலில் அது எங்கே போகிறது என்று பாருங்கள். மேன்ஹோல் மேல் குளம் கட்டிவிட்டு அடைப்பு வரும்போது முழிப்பவர்கள் உண்டு.

நிலத்தடி நீரையும் மறந்துவிடாதீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில், கடலோரமாக ஒரு வீட்டில் குளத்தைத் தேய்த்துக் கழுவ மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டார்கள். அன்று இரவு முழுக்க மழை. காலையில் போய்ப் பார்த்தால் குளத்தின் ஒரு மூலை ஒரு சாண் உயரம் மேலே வந்திருந்தது, ஓடுகள் அப்பளம் மாதிரி வெடித்துக் கிடந்தன. காலிக் குளம் படகு மாதிரி. அடியில் நீர் ஏறினால் மிதக்கப் பார்க்கும். அடித்தளத்தில் அழுத்தம் விடும் வால்வு வைத்திருக்க வேண்டும், அந்த வீட்டைக் கட்டிய கொன்ட்ரேக்டர் வைக்கவில்லை. பிளானை அனுப்பிய நானும் தளத்துக்குப் போய்ச் சரிபார்க்கவில்லை.

ஆயர் ஈத்தாமில் மலைச்சரிவில் எங்கள் நிலம். குளம் கட்ட அனுமதி கிடைக்குமா?

பினாங்கில் கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல் இருந்தாலும், சரிவு 25 பாகைக்கு மேல் இருந்தாலும் அது மலைநிலம். மாநிலக் கட்டமைப்புத் திட்டம் அங்கே கட்டுமானத்தை மிகவும் கட்டுப்படுத்துகிறது. நில அளவையாளரை வைத்து உயரத்தையும் சரிவையும் முதலில் அளந்துவிடுங்கள். அந்த எல்லைக்குக் கீழே இருந்தாலும் நான் தயங்கத்தான் செய்வேன். சரிவில் உள்ள குளத்தில் ஒரு விரிசல் விட்டால் கசிவு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்ததற்குப் பிறகு, சரிவு என்றாலே எனக்கு உள்ளூர ஒரு பயம். தண்ணீர் ஆசைதான் என்றால் தண்ணீர்மலைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

18ஆவது மாடி காண்டோ. பால்கனியில் ஐந்து பேர் உட்காரும் சுடுநீர்த் தொட்டி வைக்கலாம் என்று மகன் சொல்கிறான். வீட்டுக்குள் வைப்பதற்கும் அனுமதி வேண்டுமா?

அனுமதி இருக்கட்டும் அம்மா, முதலில் எடையைப் பார்ப்போம். 2 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டி என்று வையுங்கள். தண்ணீர் 1,000 கிலோ, தொட்டி 300 கிலோ, ஐந்து பேர் 350 கிலோ. ஆக 1,650. நான்கு சதுர மீட்டரில் பிரித்தால் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல். குடியிருப்புத் தளங்களுக்கு வழக்கமாகக் கணக்கிடும் பாரம் 150 முதல் 200 கிலோதான். சோபாவும் மனிதர்களும் அதற்குள் அடங்கும், இந்தத் தொட்டி அடங்காது. பால்கனியோ, பல கட்டடங்களில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கும் தளம்.

அடுத்தது கசிவு. அடுக்குமாடி வீடுகளுக்கான 2013 ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தில் கீழ்வீட்டுக்காரருக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. அவர் கூரையில் தண்ணீர் சொட்டினால், மாறாக நிரூபிக்கப்படும் வரை பழுது மேல்வீட்டில்தான் என்று கொள்ளப்படும். அவர் புகார் கொடுத்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு, பழுது உங்கள் வீட்டில் இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள், கட்டடத்தின் பொறியாளர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் தொட்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள். மகனிடம், கீழே ஏழாவது மாடியில் பொதுக் குளம் இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

செந்தூலில் தரைவீடு. வாங்கி வைக்கும் சுடுநீர்த் தொட்டிக்கு எக்ஸ்டென்ஷன் வயர் போதுமா?

போதாது, அது ஆபத்தும்கூட. தனி சர்க்கிட் இழுக்க வேண்டும், எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன்தான் இழுக்க வேண்டும். வீட்டு மெயின் பெட்டியில் நாம் 'இஎல்சிபி' என்று சொல்லும் கருவி பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர் மின்கசிவில்தான் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஈரத் தரை உள்ள இடத்துக்கு 1994 மின்சார விதிமுறைகள் கேட்பது 10 மில்லி ஆம்பியர். குளியலறை வாட்டர் ஹீட்டருக்குப் போடுவார்களே, அதே அளவு. போட்ட பிறகு மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.

அப்பா காலத்துக் குளம், இரண்டு வருடமாக யாரும் இறங்கவில்லை. சுகாதார அதிகாரிகள் வந்து அபராதம் எழுதிவிட்டார்கள். காலி வீட்டுக்குக் கூடவா?

காலி வீட்டில்தான் கொசுவுக்குத் தொந்தரவு இல்லை. 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் வீட்டில் யார் இருக்கிறார் என்பது முக்கியமில்லை, கொசுப்புழு இருந்ததா என்பதுதான் கேள்வி. அந்த இடத்திலேயே எழுதும் அபராதம் 500 ரிங்கிட் வரை. நீதிமன்றம் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ. ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். பம்பு ஓடி, குளோரின் இருக்கிற குளத்தில் அது வளராது. பல சமயம் குளத்தைவிட ஓரத்துக் கசிவுநீர்க் கால்வாயிலும், மூடிவைத்த தார்ப்பாயின் மடிப்பிலும்தான் புழு நெளியும். அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீரை இறைப்பதாக இருந்தால் மேலே சொன்ன மிதக்கும் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இறைக்கும் முன் சில நாள் குளோரின் போடுவதை நிறுத்துங்கள்.

வேலி கட்டாயமா? பேரன் இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறான்.

ஆஸ்திரேலிய மாநிலங்களில் உள்ளது போல, தனி வீட்டுக் குளத்துக்கு வேலி போடச் சொல்லும் தனிச் சட்டம் இங்கே நாடு முழுவதற்கும் கிடையாது. ஆனால் 2001 சிறார் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தகுந்த கவனிப்புக்கு ஏற்பாடு செய்யாமல் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்குகிறது. 20,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. சட்டம் கேட்காவிட்டாலும் நான் ஆஸ்திரேலிய அளவையே வரைகிறேன். வேலி 1.2 மீட்டர் உயரம், கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கும் குறைவு, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, கொக்கி 1.5 மீட்டர் உயரத்தில். வேலிக்குப் பக்கத்தில் பூந்தொட்டியோ நாற்காலியோ வைக்காதீர்கள், ஏறிவிடுவான்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் குளத்துக்கும் பிளான் வேண்டுமா?

வேண்டாம். கார் நிறுத்தும் இடத்தில் விரித்து, விளையாடி, அன்று மாலையே தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.