ஆழ்கடல் வண்டல் மெட்டாஜீனோமுக்கு (வண்டலிலுள்ள எல்லா நுண்ணுயிரிகளின் டிஎன்ஏவையும் மொத்தமாகப் படிப்பது) எத்தனை ஜிபி டேட்டா வாங்கினால் போதும்?

முதலில் ஒன்று: சீக்வென்சிங் கம்பெனியின் கொட்டேஷனில் வரும் ஜிபி என்பது கிகாபேஸ், அதாவது நூறு கோடி டிஎன்ஏ எழுத்துகள் (பேஸ்). ஹார்டு டிஸ்கில் பார்க்கிற ஜிபி அல்ல.

10 ஜிபி என்றால், 150 பேஸ் நீளத்தில் சுமார் 3.3 கோடி ரீட் ஜோடிகள் (ரீட் என்பது மெஷின் ஒரே மூச்சில் படிக்கும் டிஎன்ஏ துண்டு). ஒரு பாக்டீரியாவின் ஜீனோம் 40 லட்சம் பேஸ் என்று வையுங்கள். மாதிரியிலுள்ள டிஎன்ஏவில் 1 சதவீதம் அதனுடையது என்றால், அந்த ஜீனோமை 25 தடவை மூடும் அளவுக்கு டேட்டா விழும், ரீட்கள் ஒட்டி நீள வரிசையாக அசெம்பிள் ஆகும். 0.1 சதவீதம் என்றால் 2.5 தடவைதான், துண்டு துண்டாகக் கிடக்கும். வண்டலில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது ரகம்தான். ஜீனோம்கள் வேண்டுமென்றால் மாதிரிக்கு 40 ஜிபியாவது வாங்குங்கள்.

யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரிய வேண்டுமா? 16எஸ் (எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் ஒரு அடையாள ஜீனை மட்டும் படிப்பது) போதும். அது பழைய முறை என்று சொல்ல ஆள் வரும், வரட்டும். எந்த பிரைமர் (அந்த ஜீனைப் பிடித்துப் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டு) என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய 515எஃப் பிரைமர் தௌமார்க்கியோட்டா என்ற ஆர்க்கியா கூட்டத்தையும், அதன் ஜோடியான பழைய 806ஆர் எஸ்ஏஆர்11 என்ற கடல் பாக்டீரியாக் கூட்டத்தையும் குறைத்துக் காட்டும். திருத்திய ஜோடிதான் வேண்டும்.

ஆனால் காசு வீணாவது நீங்கள் கேட்காத இடத்தில். சென்னையில் பிஎச்.டி. மாணவராக இருப்பீர்கள், கப்பலில் போய்வந்த யாரோ கொடுத்த கோர் (கடலடியில் குழாய் இறக்கி எடுத்த வண்டல் தூண்) ஃப்ரீசரில் இருக்கிறது என்று நினைக்கிறேன். குழாய்ச் சுவரை ஒட்டிய வண்டல் மேலிருந்து கீழ்வரை இழுபட்டு வந்தது. அதில் ஆழக் கணக்கே கிடையாது. வெளிப்பக்கம் 1 செ.மீ. ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். (அடுத்த முறை கப்பலிலேயே, உறையும் முன், நுனி வெட்டிய ஸ்டெரைல் சிரிஞ்சால் எடுக்கச் சொல்லுங்கள்.)

மண்ணிலிருந்து டிஎன்ஏ பிரிக்கும் கிட்டில் ஒரு தடவைக்கு 0.25 கிராம்தான் போகும். செல்கள் குறைவு என்பதால் எட்டுப் பத்து தடவை தனித்தனியாக டிஎன்ஏ எடுத்து ஒன்றுசேர்த்துச் செறிவாக்குங்கள். டிஎன்ஏ அளவை க்யூபிட்டில் (சாயம் ஒளிர்வதை வைத்து அளக்கும் கருவி) பாருங்கள். நானோடிராப் கருவி 260/230 என்ற தூய்மை விகிதத்தைப் பார்க்க மட்டும். அது 1.5-க்குக் கீழே போனால் பிசிஆரைத் தடுக்கும் ஹியூமிக் அமிலத்தைச் சந்தேகப்படலாம். பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்குவதில்) பேண்ட் வரவில்லையென்று சைக்கிளை 40 ஆக்காதீர்கள். டெம்ப்ளேட்டை, அதாவது போடும் டிஎன்ஏவை, 10 மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டுங்கள். அப்போது பேண்ட் வந்தால் குறை டிஎன்ஏவில் இல்லை, தடுப்பானில். பிஎஸ்ஏ (தடுப்பானைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) சேர்த்தாலும் சரியாகலாம்.

வண்டலே போடாத வெற்று டியூப் ஒன்றையும் அதே நாளில் அதே கிட்டில் எடுத்து, சீக்வென்சிங் வரை அனுப்பியே ஆக வேண்டும். ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் போன்ற பாக்டீரியாக்கள் எல்லாம் கிட்டின் தண்ணீரிலிருந்தே வரும். கடலில் இவை இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. வெற்று டியூபிலும் அதே டிஎன்ஏ வரிசை வந்தால், அது கடலிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்கிற பொறுப்பு உங்களுடையது.

மூன்று கொட்டேஷனில் மலிவானதை எடு என்கிற விதி இருக்கிறதே, அதை எழுதியவர் மே மாதத்தில் ஒரு தெர்மோகோல் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். டிரை ஐஸும் ஜெல் பேக்கும் அந்தக் காகிதத்தில் ஒரே வரி! அதனால் வண்டலை கூரியரில் அனுப்பாதீர்கள், டிஎன்ஏவாக எடுத்து அனுப்புங்கள். திரும்பி வரும்போது பை சார்ட் போட்ட பிடிஎஃப் போதாது. ரா ஃபாஸ்ட்க்யூ ஃபைல்களையும் (ரீட்கள் அப்படியே இருப்பவை), ஃபைல் முழுசாக வந்ததா என்று காட்டும் எம்டி5 எண்களையும் வாங்கிச் சரிபார்த்துவிட்டு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.