படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லையா?

ஆங்கில வீடியோவில் சப்டைட்டில் இருந்தால் எல்லாம் புரிகிறது, எடுத்துவிட்டால் ஒன்றும் பிடிபடவில்லை என்கிறீர்கள். உங்களிடம் சொல்வளம் இருக்கிறது, காதுதான் பழகவில்லை. ‘வாட் டிட் யூ’ என்று கண் பிரித்துப் படிப்பதைப் பேசுபவர் ‘வாடிஜு’ என்று ஒட்டிச் சொல்லிவிடுகிறார்.

ரீல்ஸ் இதற்கு உதவாது. பின்னணி இசையில் பாதிப் பேச்சு மூழ்கிவிடும். யூடியூபில் பிபிசியின் ‘6 மினிட் இங்கிலீஷ்’ என்ற உரையாடல் நிகழ்ச்சியைக் கேளுங்கள். தடுக்கிய இடத்தில் நிறுத்தி, காதில் விழுந்ததைத் தப்பும் தவறுமாகவாவது தாளில் எழுதுங்கள். பிறகு சப்டைட்டிலைப் போட்டு ஒப்பிடுங்கள். தானாக உருவாகும் சப்டைட்டிலை முழுதாக நம்ப வேண்டாம், ஊர்ப்பெயர் வந்தாலே தடுமாறும். பிபிசி தளத்தில் உரையாடலின் எழுத்து வடிவம் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருந்தாத இடங்களும் அதில் உண்டு. வேகத்தை 0.75 ஆகக் குறைக்கலாம், ஆனால் கடைசியில் ஒருமுறை இயல்பான வேகத்தில் கேட்டுவிட்டே மூடுங்கள்.