எழுபது மணி நேரமா, நாற்பத்தைந்தா? கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

கேள்வி: நான் மதுரைக்காரன், வயது 29. இந்திய விமான நிறுவனம் ஒன்றில் நான்கரை ஆண்டுகளாக ஏர்பஸ் 320 துணை விமானியாக இருக்கிறேன். நிறுவனம் புதிய சம்பள ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. இதுவரை பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 70 மணி நேரத்துக்குப் பறத்தல் படி உறுதி. இனி 45 மணி நேரத்துக்குத்தான் உறுதி. பதிலுக்கு மணிக்கு 3,000 ரூபாய் என்பது 4,000 ஆகிறது. கமாண்டர் (விமானத்தின் தலைமை விமானி) பயிற்சிக்குப் போகிறவர்கள் அதன்பின் மூன்று ஆண்டு இருந்தாக வேண்டும், இல்லையேல் 20 லட்சம் கட்ட வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. பத்து நாளில் கையெழுத்து வேண்டுமாம். இன்னொரு நிறுவனம் 12 லட்சம் ஊக்கத்தொகை தந்து மூன்று மாதத்தில் வரச் சொல்கிறது. இங்கே கமாண்டர் ஆக இன்னும் ஒன்றரை ஆண்டு. அங்கே போனால் மூன்று ஆண்டு ஆகலாம். சக விமானிகள் இரு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். “வீட்டை அடமானம் வைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அந்தக் கடனை அடைக்க வழி செய்த கம்பெனிக்குத் துரோகம் செய்யாதே” என்கிறார் அப்பா. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அப்பாவிடம் கடைசியில் வருவோம். முதலில் ஒரு பென்சிலும் உங்களுடைய கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகளும் வேண்டும்.

பழைய ஒப்பந்தப்படி நீங்கள் 30 மணி நேரம் பறந்த மாதத்திலும் 2,10,000 ரூபாய் வரும். புதியதில் அந்த மாதம் 1,80,000தான். இரண்டும் சமமாகும் இடம் 52 மணி 30 நிமிடம். அதற்கு மேல் பறந்தால் புதியது லாபம். 80 மணி நேரம் பறந்தால் பழையதில் 2,40,000, புதியதில் 3,20,000. மனிதவளத் துறையினர் காட்டிய விளக்கப் படத்தில் 75 அல்லது 80 மணி நேரக் கணக்குதான் இருந்திருக்கும். அது பொய்யல்ல. ஆனால் சிமுலேட்டர் பயிற்சியும் விடுப்பும் அழைப்புக்காகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நாட்களும் சேர்ந்து வரும் மாதத்தை அவர்கள் படம் போட்டுக் காட்டுவதில்லை. ஆகவே உங்கள் சீட்டுகளில் 52 மணி 30 நிமிடத்துக்குக் கீழே எத்தனை மாதங்கள் வருகின்றன என்று எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோ என்றால் பயமில்லை. நான்கு, ஐந்து என்றால் அந்த மாதங்களில் வீட்டுக் கடன் தவணை எங்கிருந்து வரும் என்று யோசிக்க வேண்டும்.

பதினைந்து நாள் விடுப்பு எடுத்தால் அந்த 45 மணி நேரம் அப்படியே நிற்குமா, பாதியாகக் குறையுமா என்பதையும் கேளுங்கள். பாதியானால் 22 மணி 30 நிமிடம், அதாவது 90,000 ரூபாய். படியைக் கணக்கிடுவது அட்டவணையில் போட்ட நேரத்துக்கா, சக்கரக் கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும் வரையிலான உண்மையான பிளாக் நேரத்துக்கா? மும்பையில் வரிசையில் நாற்பது நிமிடம் நின்ற அனுபவம் உங்களுக்கு இருக்கும். அந்த நாற்பது நிமிடம் யார் கணக்கில் போகிறது என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது.

போன ஆண்டின் சீட்டுகள் வரும் ஆண்டுக்கு உத்தரவாதம் ஆகா. பணி நேர விதிகள் மாறியிருக்கின்றன. டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியது. நள்ளிரவுக்குப் பிந்தைய தரையிறக்கங்களையும் ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, விமான நிலையங்களில் பெட்டிகள் மலைபோல் குவிந்தது நினைவிருக்கும். புதிய விதிகளுக்குப் போதுமான விமானிகளுடன் தயாராக இல்லாததே அதற்கு முக்கியக் காரணம். இந்தப் பாடத்துக்குப் பிறகு நிறுவனங்கள் ஆள் எடுக்கும். ஆள் கூடினால் ஒருவருக்கு விழும் மணி நேரம் குறையும். ஓய்வு கூடுவது நல்லதுதான், விமானிகளாகிய நாங்கள் பல ஆண்டுகள் கேட்டதும் அதுதான். ஆனால் ஓய்வு கூடுகிற காலத்தில் உறுதி நேரம் குறைக்கப்பட்டால் அந்த ஓய்வுக்கான செலவு உங்கள் சட்டைப் பையிலிருந்து போகிறது. இதோடு என்ஜின் கோளாறால் விமானங்கள் தரையில் நிற்கும் ஆபத்தும் உண்டு. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவாலுக்கு மனுச் செய்தபோது பிராட் அண்ட் விட்னி என்ஜின்களைத்தான் காரணம் காட்டியது.

உறுதி நேரத்தைக் குறைப்பது உங்கள் நிறுவனம் கண்டுபிடித்த தந்திரமல்ல. 2023 ஏப்ரலில் ஏர் இந்தியா புதிய சம்பள முறை கொண்டுவந்தபோது உறுதி நேரம் 40 என்றானது; 1,500க்கும் மேற்பட்ட விமானிகள் ரத்தன் டாடாவுக்கு மனு அனுப்பினார்கள். ஆனால் ஒப்பந்தம் தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் போனது, ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு ஏர் இந்தியாவுடனான இணைப்பை ஒட்டி விஸ்தாரா நிறுவனத்திலும் 70 மணி நேரம் 40 ஆனது. விமானிகள் பலர் உடல்நலமில்லை என்று சொல்லிவிட, 2024 ஏப்ரல் தொடக்கத்தில் அந்த நிறுவனம் விமானங்களைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இந்த உடல்நலக் காரணம் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. விமானி “எனக்கு உடம்பு சரியில்லை, பறக்க மாட்டேன்” என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் ஏற்க வேண்டும் என்பது பாதுகாப்பின் அடித்தளம். அதைச் சம்பளப் பேரத்துக்குச் செலவழித்தால் நாளை நிஜமாகவே காது அடைத்துக்கொண்டு கிடப்பவரையும் சந்தேகப்படுவார்கள். சட்டமும் இப்போது கண் விழித்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, ஒரு நாளில் தொழிலாளர்களில் பாதிப்பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதை வேலைநிறுத்தம் என்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

சேர்ந்து கேளுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள். “ஒப்பந்தத்தைப் பெற்றுக்கொண்டேன், கீழ்க்கண்ட பிரிவுகளுக்கு விளக்கம் கிடைத்ததும் முடிவு தெரிவிக்கிறேன்” என்று ஒரே வாசகத்தில் அறுபது, எழுபது பேர் மின்னஞ்சல் அனுப்பினால் பத்து நாள் கெடு பெரும்பாலும் தானே நீளும். அமெரிக்காவில் டெல்டா விமானிகள் 2023இல் நான்காண்டில் 34 சதவீத உயர்வு வாங்கியதைப் படித்துவிட்டு “நமக்கு ஏன் அது நடக்கவில்லை” என்று உங்கள் நண்பர்கள் கேட்டிருப்பார்கள். அங்கே ஒப்பந்தம் சங்கத்தோடு. உறுப்பினர்கள் வாக்களித்த பிறகே அமலாகும். தனி ஆளின் கையெழுத்துக்கு அங்கே வேலையே இல்லை. இங்கே உங்கள் கையெழுத்துதான் எல்லாம். அதனால் அதைச் சுலபமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி அந்த 12 லட்சம். மூன்று மாதத்தில் வா என்று கூப்பிடுகிறவருக்கு விதி தெரியாமலில்லை. துணை விமானிக்கு ஆறு மாதம், கமாண்டருக்கு ஒரு வருடம் நோட்டீஸ் என்று 2017இல் டிஜிசிஏ வகுத்தது. உங்கள் நிறுவனம் தடையில்லாச் சான்று கொடுத்து முன்கூட்டியே விடுவித்தாலொழிய மூன்று மாதம் என்பது நடக்காது. “வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்கிறோம்” என்பார்கள். எதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும். 2023இல் ஆகாசா ஏரிலிருந்து 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போனார்கள் என்று அந்த நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இழப்பீடு கேட்டது. கூப்பிட்ட கம்பெனி உங்கள் பக்கத்தில் வந்து கூண்டில் நிற்காது.

அந்த விதியில் உங்களுக்குச் சாதகமான ஒரு வரியும் உண்டு, பலர் அதுவரை படிப்பதில்லை. நோட்டீஸ் காலத்தில் நிறுவனம் உங்கள் சம்பளத்தையோ சலுகையையோ குறைத்தால், அல்லது ஒழுங்காகப் பணி கொடுக்காவிட்டால், முன்கூட்டியே விடுவிக்கும்படி நீங்கள் கேட்கலாம். நிறுவனம் ஏற்க வேண்டும். அந்த ஆறு மாதமும் ரோஸ்டர் எனப்படும் பணி அட்டவணையையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்று, சம்பளம் உயர்த்தித் தருவார்களா என்று பார்ப்பதற்காக ராஜினாமாவைப் பூச்சாண்டி காட்டாதீர்கள். கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறலாமா என்பதில் விமானிகளுக்கு ஒரே மாதிரித் தீர்ப்பு வந்ததில்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் முடியாது என்றது; 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏர் இந்தியா விமானிகள் சிலரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

பணத்தைப் பொறுத்தவரை உண்மையான தராசு ஊக்கத்தொகை அல்ல, கமாண்டர் ஆகும் தேதி. உங்கள் நிறுவனத்தில் கமாண்டருக்கும் துணை விமானிக்கும் மாதம் மூன்றரை லட்சம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான தொகை உங்களுக்கே தெரியும். ஒன்றரை ஆண்டுக்குப் பதில் மூன்று ஆண்டு என்றால் 18 மாதம் தள்ளிப்போகிறது. பதினெட்டு முறை மூன்றரை லட்சம் 63 லட்சம். 12 லட்சத்தை வாங்கிக்கொண்டு 63 லட்சத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். புதிய இடத்தில் சீனியாரிட்டிப் பட்டியலின் கடைசிப் பெயர் உங்களுடையது; விடுப்பு, பேஸ் எனப்படும் பணியிட ஊர், பதவி உயர்வு எல்லாம் அந்த வரிசைப்படிதான். அவர்களுக்கு மாதா மாதம் புது விமானம் வந்து இறங்கிக்கொண்டிருந்தால் கணக்கு மாறும். ஆர்டர் கொடுத்திருப்பதாகச் செய்தி வந்தால் போதாது, விமானம் வந்து நிற்க வேண்டும்.

ஆனால் கமாண்டர் ஆன அன்றே உங்கள் நோட்டீஸ் காலமும் ஒரு வருடமாகிவிடும். அதன் மேல் 11ஆம் பிரிவு. பயிற்சிக்குச் செலவழித்தவர் கொஞ்ச காலம் இருக்கச் சொல்வது நியாயம்தான். மூன்று ஆண்டுக்குள் போனால் இரண்டு லட்சம் என்ற வங்கி ஒப்பந்தம் ஒன்றை உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் செல்லும் என்றது. ஆகவே “பாண்டு எல்லாம் (இப்படி இருந்தாக வேண்டும் என்ற ஒப்பந்தம்) கோர்ட்டில் நிற்காது” என்கிற நண்பரை நம்பாதீர்கள். அதே சமயம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எதுவோ அதுதான் கிடைக்கும். ஏற்கெனவே ஏர்பஸ் 320 ஓட்டுகிறவரை இடது இருக்கைக்கு, அதாவது கமாண்டரின் இருக்கைக்கு, மாற்ற உண்மையில் 20 லட்சம் ஆகிறதா என்று விவரம் கேளுங்கள். தொகை மாதா மாதம் குறைந்துகொண்டே வர வேண்டும் என்றும் கேளுங்கள். 35ஆம் மாதம் போகிறவரும் முதல் மாதம் போகிறவரும் ஒரே தொகை கட்டுவது அநியாயம். நிறுவனம் சம்பளத்தைக் குறைத்தாலோ தாமதித்தாலோ பாண்டு ரத்தாகும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இதற்குத்தான் மிக அதிகமாக முகம் சுளிப்பார்கள். இதை விடவே விடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நான் ஒரு காலத்தில் பறந்த நிறுவனத்தில் சம்பளம் தாமதமாகத் தொடங்கியது. பணிக்கு முன் கூடும் அறையின் வெள்ளைப் பலகையில் “சம்பளம் வியாழக்கிழமை” என்று நிர்வாகம் எழுதி வைத்தது. இரண்டு வாரம் கழித்து அதன் கீழே யாரோ “எந்த வியாழன்?” என்று எழுதியிருந்தார்கள். அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை, நிர்வாகத்துக்கும் கூட. “நாம் ஒரு குடும்பம்” என்று கடிதம் வந்தது, நானும் நம்பி இருந்தேன். ஐந்து மாதச் சம்பளம் போனது. அதைவிட மோசம், ஒரு நாள் அதிகாலை இறங்குவதற்கான சரிபார்ப்புப் பட்டியலைத் துணை விமானி வாசித்துக்கொண்டிருந்தபோது என் மனம் பள்ளிக் கட்டணத்தில் இருந்தது. அவர் ஒரு வரியை இரண்டாவது முறை வாசித்த பிறகுதான் எனக்குக் கேட்டது. அன்று இறங்கியதும் ராஜினாமா எழுதினேன். சேர்ந்த நாளில் பாண்டில் கையெழுத்திட்டிருந்ததால் என்னிடமே பணம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் கட்டவில்லை, அது வேறு கதை.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். உப்பிட்டவரை நினைப்பது வேறு, அவருக்கு வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பது வேறு. நான்கரை ஆண்டாக அந்த நிறுவனம் சம்பளம் கொடுத்தது, நீங்கள் பறந்தீர்கள். கடனை அடைத்தது உங்கள் உழைப்பு. போவதானால் ஆறு மாத நோட்டீஸையும் ஒழுங்காகப் பறந்து முடித்துவிட்டுப் போவது, அதுவே நீங்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை. அடமானம் வைத்தவர் அவர்; 45 மணி நேரக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள், என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்.

என் முடிவைக் கேட்டால், தம்பி, 12 லட்சத்தை விடுங்கள், கமாண்டர் ஆகும்வரை இங்கேயே இருங்கள். ஆனால் பத்து நாள் கெடுவுக்குப் பயந்து கையெழுத்திடாதீர்கள். உறுதி நேரத்தை 60 என்று கேளுங்கள், 55இல் வந்து நிற்கும். 52 மணி 30 நிமிடத்துக்கு மேல் எதுவானாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. 45ஐ விட்டு அசையவே மாட்டோம் என்றால், 11ஆம் பிரிவில் அந்த மூன்று திருத்தங்களையாவது வாங்குங்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் “தேவைக்கேற்ப நிறுவனம் விதிமுறைகளை மாற்றலாம்” என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், சின்ன எழுத்தில். இருந்தால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் அடுத்த மின்னஞ்சல் வரும்வரைதான். அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் நாளைக்கே காட்டிவிடுங்கள்.