துருப்பிடிக்காத கோபுரமும் வெள்ளைத் தூளும்

கேள்வி: வெளிநாடு செல்லும் நண்பரொருவரிடம், மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடிய 30 அடி அலுமினியக் கோபுரம் ஒன்றை வாங்கியுள்ளேன். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள எங்கள் மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியில் அதை நிறுத்தி, வானொலியில் தூர நாடுகளுடன் பேச உதவும் 14 மெகாஹேர்ட்ஸ் யாகி அன்டெனாவைப் பூட்ட எண்ணியிருக்கிறேன். அலுமினியம் துருப்பிடிக்காது, பராமரிப்பே தேவையில்லை என்றார் நண்பர். ஆனால் போல்டுகளைச் சுற்றி வெள்ளைத் தூள் படிந்திருக்கிறதே, ஐயா?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. அலுமினியத்தின் மேல் தானாகவே உருவாகும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உலோகத்தை மேலும் அரிக்கவிடாமல் காக்கிறது. ஆகவே திறந்த வெளியில் நிற்கும் குழாய்களுக்குப் பெயின்ட் அடிக்காவிட்டாலும் பெரிய கேடு வராது. ஆனால் கடல் உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கக்கூடியது. அலுமினியம் வேறொரு உலோகத்தைத் தொடும் இடத்தில் உப்பு ஈரமும் சேர்ந்துவிட்டால், அந்த இணைப்பு ஒரு சிறிய மின்கலம் போலவே இயங்கி அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். நீங்கள் கண்ட வெள்ளைத் தூள் அதன் அடையாளமே. கோபுரத்தின் ஆயுளை உயர்ந்து நிற்கும் குழாய்களில் அல்ல, இந்த மூட்டுகளில்தான் தேடவேண்டும்.

எனவே நிறுத்துவதற்கு முன் எல்லாப் போல்டுகளையும் கழற்றி, தூளை நைலோன் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, துளைகளைப் பாருங்கள். வட்டமாக இருக்கவேண்டிய துளை நீண்டு போயிருந்தாலோ, நகம் இறங்குமளவுக்குக் குழி விழுந்திருந்தாலோ அந்தத் துண்டைப் பயன்படுத்தாதீர்கள். புதிய போல்டுகள் துருப்பிடிக்காத உருக்கில், இயன்றால் கடலோரத்துக்கேற்ற 316 தரத்தில் இருக்கட்டும். பித்தளை வேண்டவே வேண்டாம். துருப்பிடிக்காத உருக்கும் அலுமினியமும் வேறுபட்ட உலோகங்கள்தாம் என்றாலும், சிறிய போல்டு பெரிய அலுமினியப் பரப்பில் இருப்பதால் அரிப்பு மெதுவாகவே நடக்கும். அரிப்புத் தடுப்புப் பசையை மூட்டிலும் போல்டின் புரியிலும் பூசினால் இன்னும் குறையும். பசை பூசாமல் முறுக்கிய நட்டு ஒன்று போல்டோடு இறுகி ஒட்டிக்கொண்டதால், அதை வெட்டியெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் செலவிட்டிருக்கிறேன்.

அடிப்பகுதியையும் கவனியுங்கள். ஈரமான கொங்கிரீட்டின் காரத்தன்மை அலுமினியத்தை அரிக்கும் என்பதால் கால்களை நேரடியாகக் கொங்கிரீட்டில் புதைக்கக் கூடாது. நாகம் பூசிய உருக்குத் தட்டு ஒன்றைப் பதித்து, அதன் மேல் கோபுரத்தைப் பூட்டுவதே நல்லது. கோபுரத்தைச் சாயாமல் பிடிக்கும் இழுகம்பிகளை மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் கட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தச் சுவர் ஆட்கள் விழாமல் தடுக்கக் கட்டப்பட்டதேயன்றி, காற்றின் இழுவையைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல. தூண்களிலும் வளைகளிலும்தான் பிடிப்பு இருக்கவேண்டும். காற்றின் வேகம் மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 90 ஆக உயர்ந்தால், அன்டெனாவின் மேலான விசை இரண்டேகால் மடங்காகிவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்கள் மொட்டை மாடியே தரையிலிருந்து ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்தில் இருக்கும். 14 மெகாஹேர்ட்ஸில் ஓர் அலை ஏறத்தாழ 21 மீற்றர் நீளமானது. எனவே மூன்றாவது துண்டை விட்டுவிட்டு 20 அடியில் நிறுத்தினாலும், அன்டெனா தரையிலிருந்து ஏறத்தாழ 16 மீற்றரில், அதாவது முக்கால் அலை உயரத்தில் இருக்கும்; தூர நாடுகளுடன் பேசுவதற்கு அந்த உயரம் பெரும்பாலும் போதும். ஒரு துண்டைக் குறைத்தால் காற்றும் எடையும் ஏறும் பயமும் குறைகின்றன.

தென்மேல் பருவக் காற்று மே மாதத்தில் தொடங்குமுன் ஒருமுறையும், அது செப்டெம்பரில் அடங்கிய பின் ஒருமுறையும் போல்டுகளைச் சரிபார்த்து, கோபுரத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். குழாய்களின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கோபுரத்தின் குறுக்குச் சட்டம் ஒன்றில், வெல்டிங்கால் ஒட்டிய இடத்துக்கு அருகே மயிரிழை போன்ற வெடிப்பு தெரிகிறது. அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் கொடுத்து வெல்டிங் செய்யலாமா?
(வாசகர், தெஹிவளை)

பதில்: வேண்டாம். கோபுரங்களுக்குப் பயன்படும் 6061 வகை கலப்புலோகம் சூட்டுப் பதப்படுத்தலால் வலுப்பெறுவது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வெடிப்பு ஒட்டுக்கு அருகிலேயே தோன்றியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மேலும், அலுமினியத்துக்கு உருக்கைப் போலத் தெளிவான களைப்பு எல்லை, அதாவது எத்தனை முறை ஆடினாலும் வெடிக்காத விசை அளவு, இல்லை. சிறிய ஆட்டங்களும் எண்ணிக்கையில் பெருகி, வெடிப்பை நீட்டும். அன்டெனாவை இறக்கி, அந்தத் துண்டை மாற்றும் வரை யாரும் அதில் ஏறவேண்டாம்.

கேள்வி: எங்கள் அடுத்த வீட்டில் உயரமான வானொலிக் கோபுரம் இருக்கிறது. அது இடி மின்னலை எங்கள் வீட்டுக்கு இழுத்துவிடுமா?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: தொலைவிலிருக்கும் முகிலை அது வரவழைக்காது. அந்த இடத்தில் மின்னல் விழுந்தால், உங்கள் கூரையைவிட உயரமான கோபுரத்தைத் தாக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே கோபுரத்துக்கு ஒழுங்கான புவித்தொடுப்பு இருப்பதே உங்களுக்கு முக்கியம். அதை அடுத்த வீட்டாரிடம் தயக்கமின்றிக் கேளுங்கள். கோபுரத்தின் புவித்தொடுப்புக் கோல்கள் வீட்டு மின்சாரத்தின் புவித்தொடுப்போடு இணைக்கப்பட்டுள்ளனவா, அன்டெனாவிலிருந்து வரும் கேபிளின் உலோக வெளியுறை கோபுர அடியில் புவியோடு தொடுக்கப்பட்டுள்ளதா என்பவையே கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள். அவர் இதை வாசித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை: செப்புக் கம்பியை நேரே அலுமினியத்தில் பூட்டாதீர்கள், வெள்ளீயம் பூசிய முனையைப் பயன்படுத்துங்கள், செம்பிலிருந்து வடியும் நீர்கூட அலுமினியத்தைக் குழிவிழச் செய்யும். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் வானம் கறுக்கும்போது கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். இடியோசை கேட்ட பின்பு அதைத் தொடப் போகாதீர்கள்.